கேம்பர் வேன்: நால்வருக்கு எது சரிப்படும்?

கேள்வி: உள்ளேயே சமைத்துத் தூங்கும் கேம்பர் வேன் ஒன்று வாங்க வேண்டும். கணவன், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாதம் இரண்டு வாரக்கடைசிப் பயணம், ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் குளிரான மலைப்பகுதி. வேலைக்குப் போய்வருவதும் இதே வண்டியில்தான். கூரை மேலெழும் சிறிய வேனா, ஆறு மீட்டர் உயரக்கூரை வேனா, நான்கு சக்கர இயக்கம் கொண்டதா?

பதில்: வேலைக்கும் இதே வண்டி என்பதுதான் இதில் முடிச்சு. மூன்று வாரத்தை நினைத்து வாங்கினால், மீதி 49 வாரமும் வண்டியின் உயரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். கூரை மேலெழும் சிறிய வேனான ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா டி6.1 வகையின் உயரம் 1.99 மீட்டர், நீளம் 4.90 மீட்டர். அடித்தள வாகன நிறுத்தங்கள் பலவற்றில் நுழைந்துவிடும். ஆறு மீட்டர் வேன்கள் பலவற்றுக்கு அடிப்படையான ஃபியட் டுகாட்டோவின் நடுத்தர உயரக்கூரையே 2.5 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கெல்லாம் வாசலோடு சரி.

ஆகவே உங்களுக்குச் சிறிய வேன்தான் பொருத்தம். டி6.1 ஓஷன் மாடலில் நால்வருக்கும் சீட் பெல்ட் உள்ள இருக்கை உண்டு, நால்வருக்கும் படுக்கை உண்டு. மேல்படுக்கை 2 மீட்டருக்கு 1.20, பிள்ளைகளுக்குத் தாராளம். எந்த வேன் பார்த்தாலும் படுக்கையை எண்ணுவதற்கு முன் பெல்ட் உள்ள இருக்கைகளை எண்ணுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓஷனின் குறைகள் இரண்டு: கழிப்பறை கிடையாது, நல்ல தண்ணீர் 30 லிட்டர்தான். நால்வர் சமைத்து, பாத்திரம் கழுவினால் ஒன்றரை நாள்கூடத் தாங்காது. கையில் தூக்கும் கழிப்பறைப் பெட்டியும் பத்து லிட்டர் கேன் இரண்டும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலெழும் கூரையின் கேன்வாஸில் கவனம் வேண்டும். குளிர் இரவில் நால்வரின் மூச்சுக் காற்று அதன் உட்புறத்தில் நீராகப் படியும். ஈரத்தோடு மடித்து இரண்டு நாள் விட்டால் பூசணம் பிடித்துவிடும், கறை போகவே போகாது. ஊர் திரும்பியதும் கூரையைத் தூக்கி உலர்த்துங்கள். இறக்கும்போது ஒரு கதவைத் திறந்து வையுங்கள்; உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் துணி வெளிப்பக்கம் பிதுங்கி, மடக்குக் கைகளுக்கிடையே சிக்கிக் கிழியும். மலைப்பயணத்துக்குக் கூரைமேல் போர்த்தும் வெப்பக்காப்பு உறையும் டீசல் ஹீட்டரும் அவசியம். இரண்டு கிலோவாட் ஹீட்டருக்கு மணிக்குக் கால் லிட்டருக்குள்தான் டீசல் செலவாகும். இரவு முழுக்கக் குறைந்த சூட்டிலேயே ஓடினால் ஹீட்டருக்குள் கரி படியும். காலையில் ஹீட்டரை இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு அணையுங்கள்.

வேலைக்கு வேறு வண்டி உண்டென்றால் கணக்கே மாறும். அப்போது ஆறு மீட்டர் வேன் நன்று. டுகாட்டோவின் பக்கச்சுவர்கள் ஏறக்குறைய நேராக எழுவதால் கட்டிலைக் குறுக்கே போட முடிகிறது, 1.85 மீட்டருக்கு மேல் உயரமானவர் வாங்குமுன் காலை நீட்டிப் படுத்துப் பார்க்கட்டும். ஃபோக்ஸ்வாகன் கிராண்ட் கலிஃபோர்னியா 600 மாடலில் குளியலறையும் 110 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே சிறுவர் கட்டிலும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் பெரிய வேனில் பலர் தடுக்கி விழுவது எடையில். பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்துக்கு எல்லை, சுமையெல்லாம் சேர்த்து 3,500 கிலோ. ஓட்டுநரோடு வெற்று வண்டி 2,950 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 550. மனைவி, பிள்ளைகள் 115. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் தண்ணீரை 20 லிட்டர் என்று மட்டும் கணக்கில் காட்டுவதுண்டு. நூறு லிட்டர் நிரப்பினால் இன்னும் 80. வெயில் மறைப்பு 30, சைக்கிள்களும் தாங்கியும் 60, கூடுதல் பேட்டரியும் சோலார் தகடும் 40, துணி, உணவு, பாத்திரம், நாற்காலி எல்லாம் 150. கூட்டினால் 475. கையில் 75 கிலோ மட்டுமே. நான்கு சக்கர இயக்கத்தின் பொறியமைப்பே நூறு கிலோவை ஒட்டி எடை கூட்டும். அதைச் சேர்த்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். தார்ச்சாலையும் முகாம் புல்வெளியும் மட்டும் என்றால் அது வேண்டாம். நல்ல டயர் போதும்.

சைக்கிள் தாங்கியில் இன்னொரு சிக்கல். பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்கும் 60 கிலோ, அச்சுகளுக்கிடையே நான்கு மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சில் 82 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 22 கிலோவைத் தூக்கிவிடும். டுகாட்டோவை இழுப்பது முன்சக்கரம். ஈரப்புல்லில் அது சும்மா சுழன்றுகொண்டே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர்காலத்துக்கு ஒரு சேதி: வண்டியின் உட்புறத்தையும் தண்ணீரையும் சேர்த்துச் சூடேற்றும் ட்ரூமா காம்பி ஹீட்டர் உள்ள வேன்களில், சூடு 3 டிகிரியை ஒட்டி இறங்கினால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து பத்து லிட்டர் வெந்நீர்த் தொட்டியைக் காலி செய்துவிடும். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் ஒழுகுகிறது என்று பதற வேண்டாம். உள்ளே சூடேற்றியபின் வால்வை மூடி மறுபடி நிரப்பலாம்.

பழைய வண்டி வாங்குவதானால் முன்பணம் கொடுக்குமுன் எடைமேடைக்கு ஓட்டிச் சென்று, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். கதவோரத் தகட்டில் உள்ள, அனுமதிக்கப்பட்ட எடை எண்களோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.