விளையாட்டுக் களத்தில் கண்ணுக்கு எந்தக் கண்ணாடி? – கேள்வி பதில்

விளையாடுபவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் கண்ணாடி அளவெடுத்துப் பொருத்தும் வேலையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். எந்தக் கண்ணாடியை வாங்குவதற்கு முன்பும், கண்ணை நோக்கி வரப்போவது எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்: வெயிலா, காற்றும் தூசியுமா, பந்தா? வெயிலுக்காகச் செய்த கண்ணாடி பந்தையும் தாங்கிவிடும் என்று நம்பி வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று உடன் ஓடுபவர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா?

பதில்: உண்மையல்ல. கறுப்பு நிறம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் மூலப்பொருளும் அதில் சேர்த்த பூச்சும் ஆகும். புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடியை அணிவது, வெறுங்கண்ணோடு இருப்பதைவிடவும் கெடுதலாக முடியலாம். வெளிச்சம் குறைந்ததும் கண்ணின் பாவை விரிகிறது, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் இயல்பான தற்காப்பும் நின்றுவிடுகிறது, விரிந்த வாசல் வழியே கதிர் தாராளமாக உள்ளே போகிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது 'யூவி 400' என்ற குறிப்பு. 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களை அந்த லென்ஸ் தடுக்கிறது என்பது அதன் பொருள். நிறமே இல்லாத பாலிகார்பனேட் (எளிதில் உடையாத ஒருவகைப் பிளாஸ்டிக்) லென்ஸ்கூட இந்த வேலையை ஏறக்குறைய முழுமையாகச் செய்துவிடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது வடிகட்டும் வகை. ஐஎஸ்ஓ 12312-1 என்ற பன்னாட்டுத் தரம் குளிர்கண்ணாடிகளை 0 முதல் 4 வரை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. 2ஆம் வகை 18 முதல் 43 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விடும். 3ஆம் வகை 8 முதல் 18 விழுக்காடு. 4ஆம் வகை 3 முதல் 8 விழுக்காடு மட்டுமே. திறந்த வெயிலில் ஓடுகிறீர்கள் என்றால் 3ஆம் வகை போதும். மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும் பாதை என்றால் 2ஆம் வகையே நல்லது, ஏனென்றால் நிழலுக்குள் நுழைந்ததும் தரையில் கிடக்கும் வேர் தெரியாமல் போகக்கூடாது. 4ஆம் வகையை அணிந்துகொண்டு வாகனம் ஓட்டக்கூடாது என்பதும் அந்தத் தரத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

கேள்வி: பனிமலை ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். மேகமூட்டமான நாள்களிலும் கண்ணாடியைக் கழற்றக்கூடாது என்று வழிகாட்டி சொல்கிறார். இது மிகையான எச்சரிக்கை இல்லையா?

பதில்: மிகையே இல்லை, வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். மெல்லிய மேகம் வெளிச்சத்தைக் குறைக்கிற அளவுக்குப் புற ஊதாவைக் குறைப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாவின் அளவு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. இதோடு தரையிலிருந்து திரும்பி வருவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: உலர்ந்த கடற்கரை மணல் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், கடல் நுரை ஏறத்தாழ 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்ப, புதிதாக விழுந்த பனி 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடும். அதாவது பனியில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. தொப்பி அங்கே பாதிக் காவல்தான்.

இதனால் வரும் பனிக்குருடு, கருவிழியின் (கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலத்தின்) மேற்பரப்பு வெயிலில் வெந்துபோவதுதான். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்துவிட்டு, இரவு கூடாரத்தில் படுக்கும்போது கண்ணில் மணலைக் கொட்டியது போன்ற வலியாகத் தொடங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும், அந்த ஓரிரு நாள் பார்வையின்றி மலைச்சரிவில் இருப்பதுதான் ஆபத்து. 4ஆம் வகை லென்ஸும், பக்கவாட்டை மறைக்கும் மடிப்புகளும் உள்ள கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். குழுவுக்கு ஒன்றாவது உபரியாக எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: படகு வலிக்கிறேன், மிதிவண்டியும் ஓட்டுகிறேன். இரண்டுக்கும் போலரைஸ்டு கண்ணாடி ஒன்றே போதுமா?

பதில்: படகுக்கு மிக நன்று. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வதால், செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் விடும் லென்ஸ் அந்தக் கூசலை அப்படியே வெட்டிவிடுகிறது. மிதிவண்டியில் எனக்குத் தயக்கம் உண்டு. சாலையில் நீர் தேங்கியிருப்பதையும் எண்ணெய் சிந்தியிருப்பதையும் அந்தப் பளபளப்பை வைத்துத்தான் நாம் தொலைவிலிருந்தே கண்டுகொள்கிறோம். கைப்பிடியில் மாட்டியிருக்கும் கருவியின் திரையும் சில கோணங்களில் கறுத்துப் போகும். இன்னொன்று: போலரைஸ்டு என்பது கூசலைத் தடுப்பதற்கான பெயர், புற ஊதாத் தடுப்பு அதில் இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

கேள்வி: வார இறுதிகளில் நண்பர்களோடு இறகுப்பந்து, சில நாள் ஸ்குவாஷ். எனக்கு மைனஸ் 2 பவர். தினமும் போடும் கண்ணாடியையே கயிறு கட்டிப் போட்டுக்கொள்கிறேன். கண்ணை ஏதோ ஒன்று மறைத்திருந்தால் போதும்தானே?

பதில்: போதாது. எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

சாதாரணக் கண்ணாடி லென்ஸுக்கு அமெரிக்க விதிகள் வைக்கும் சோதனை இது: 16 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 16 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து லென்ஸின் மேல் போடுவார்கள், லென்ஸ் உடையக்கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அடியின் ஆற்றல் 0.2 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). உங்கள் இறகுப்பந்தின் எடை வெறும் 5 கிராம்தான் என்றாலும், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 6 ஜூலுக்கு மேல். சோதனையில் போட்ட அடியைப் போல 30 மடங்கு. 2023இல் இந்திய இறகுப்பந்து வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி சாதனைக்கென்றே நடத்திய சோதனையில் அடித்த ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர். பறக்கப் பறக்கப் பந்தின் வேகம் சட்டென்று குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வலையருகே நிற்பவருக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. இரட்டையர் ஆட்டத்தில் முன்னே நிற்பவர் 'பந்து எங்கே' என்று திரும்பிப் பார்க்கும் நொடியில், தன் கூட்டாளி அடித்த பந்தே கண்ணில் படுவதும் உண்டு.

அளவையும் கவனியுங்கள். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். கண்குழியின் வாயும் ஏறக்குறைய அதே அளவு. இறகுப்பந்தின் தக்கைத் தலை அதைவிடச் சிறியது. பெரிய கால்பந்தைப் புருவ எலும்பும் கன்ன எலும்பும் ஓரளவு தடுத்துவிடும். இவை இரண்டும் எலும்பைத் தொடாமலே விழிக்குள் இறங்கக்கூடியவை. அப்படி இறங்கும்போது குறுக்கே மெல்லிய பிளாஸ்டிக் லென்ஸ் இருந்தால் அது உடைந்து கூடவே உள்ளே போகிறது. லென்ஸ் உடையாவிட்டாலும் சட்டகத்தை விட்டுப் பின்பக்கமாகக் கழன்று விழியைத் தாக்கலாம். கயிறு, கண்ணாடி கீழே விழாமல் காக்கும், கண்ணைக் காக்காது.

நீங்கள் வாங்க வேண்டியது விளையாட்டுக்கென்றே சோதித்த பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் (அதைப் போலவே உறுதியான இன்னொரு பிளாஸ்டிக்) கவசம். உங்கள் மைனஸ் 2 பவரை அதிலேயே போட்டுக்கொள்ளலாம். ஏஎஸ்டிஎம் எஃப்803 என்ற அமெரிக்கத் தரமோ, ஸ்குவாஷுக்கான ஐஎஸ்ஓ 18527-2 என்ற தரமோ அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸே இல்லாமல் வெறும் கம்பியோ பட்டையோ வைத்த திறந்த கவசங்கள் ஒரு காலத்தில் விற்பனையில் இருந்தன. வேகமாக வரும் சிறு பந்து சற்றே நசுங்கி அந்த இடைவெளி வழியே நுழைந்துவிடும் என்பதால் அவற்றை யாரும் பரிந்துரைப்பதில்லை. பழைய பையில் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மேலே சொன்னதற்குத் தொடர்ச்சியாக ஒரு கேள்வி. நான் வேலை செய்யும் தொழிற்கூடத்தில் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியும் பாலிகார்பனேட்தான்; சோதனை முத்திரையும் இருக்கிறது. அதையே போட்டுக்கொண்டு விளையாடினால் என்ன?

பதில்: தெருவில் போடும் கண்ணாடியைவிட மேல், அவ்வளவே சொல்லலாம். ஐரோப்பாவின் இஎன் 166 தரத்தில் 'எஃப்' முத்திரை பெற்ற கண்ணாடி, 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் எய்து சோதிக்கப்பட்டது. உலோகத் துணுக்கு தெறித்து வருவதைப் போலச் செய்த சோதனை அது. பந்து வேறு விதமாக அடிக்கிறது: கண்ணாடி முழுவதையும் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. விளையாட்டுத் தரங்களில் மனிதத் தலையின் மாதிரி ஒன்றில் கவசத்தை மாட்டி, உரிய பந்தையே எய்து, கவசத்தின் எந்தப் பகுதியாவது விழியைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் தொழிற்கூடக் கண்ணாடி இந்தத் தேர்வை எழுதவே இல்லை. மிதிவண்டிக்கும் தோட்ட வேலைக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நான். சுழற்பந்துக்கு ஸ்டம்புக்கு அருகில் நிற்கும்போது ஹெல்மெட் தேவையா, விளையாட்டுக் கண்ணாடி போதுமா?

பதில்: ஹெல்மெட்தான். தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 2012இல் இங்கிலாந்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் சுழற்பந்துக்குக் கீப்பிங் செய்துகொண்டிருந்தபோது, ஸ்டம்பின் மேலிருந்து தெறித்து வந்த பெயில் இடக்கண்ணில் பட்டது. அப்போது அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. அவருடைய பன்னாட்டு ஆட்டம் அதோடு முடிந்தது. கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. அந்த அடியை முகத்தில் மாட்டிய எந்தக் கண்ணாடியும் தனித்துத் தாங்காது. முகக்கம்பிகளுக்கு இடையில் பந்து புகாதபடி இடைவெளி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெயிலுக்காக உள்ளே குளிர்கண்ணாடி அணிவதாக இருந்தால் அதுவும் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு மைனஸ் 6. முகத்தைச் சுற்றி வளைந்த விளையாட்டுக் கண்ணாடியில் பவர் போட்டால் தலை சுற்றுகிறது. காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

பதில்: வளைந்த சட்டகத்தில் லென்ஸ் கண்ணுக்கு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதால், பவர் கூடக் கூட ஓரங்கள் வளைந்து தெரியும். சாய்வுக்கு ஏற்பப் பவரைத் திருத்திக் கணக்கிடும் முறை உண்டு. உங்கள் அளவு பவருக்கு அதுவும் திருப்தி தராமல் போகலாம். இரண்டு வழிகள் இருக்கின்றன: வெளியே பவர் இல்லாத கவசமும் உள்ளே செருகும் சிறு பவர்ச் சட்டகமும், அல்லது, காண்டாக்ட் லென்ஸும் அதன் மேல் பவர் இல்லாத கவசமும். காண்டாக்ட் லென்ஸ் மட்டும் எதையும் தடுக்காது. அதோடு நீரில் இறங்கவும் வேண்டாம். நீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் தங்கிவிட்டால் வரும் தொற்று மிகவும் கொடியது. நீச்சலுக்குப் பவர் உள்ள நீச்சல் கண்ணாடியே தனியாகக் கிடைக்கிறது.

கேள்வி: ஓடி நின்றதும் கண்ணாடி முழுதும் ஆவி படிந்துவிடுகிறது. ஏதாவது வழி உண்டா, ஐயா?

பதில்: ஓடும்போது காற்று உள்ளே புகுந்து ஈரத்தை எடுத்துப் போகிறது, நின்றதும் முகத்தின் வெப்பமும் வியர்வையும் லென்ஸில் தங்கிவிடுகின்றன. இமை மயிர் லென்ஸைத் தொடாத அளவுக்கு இடைவெளியும் மேலே காற்றுத் துளைகளும் உள்ள சட்டகத்தைத் தேர்ந்தெடுங்கள். நின்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். வியர்வை நேரே அங்கேதான் இருக்கிறது. ஆவி எதிர்ப்புப் பூச்சு உள்ள லென்ஸின் உட்பக்கத்தை அழுத்தித் துடைத்தால் பூச்சு போய்விடும்.

கேள்வி: மாலையில் கிளம்பி இருட்டியபின் மிதிவண்டியில் திரும்புகிறேன். மஞ்சள் லென்ஸா, வெயிலுக்கேற்ப நிறம் மாறும் லென்ஸா?

பதில்: இருட்டுக்கு நிறமற்ற லென்ஸ். மஞ்சள், மங்கலான பகலில் மேடு பள்ளத்தைத் தெளிவாக்கிக் காட்டுவதாகப் பலர் உணர்கிறார்கள். இரவில் அது இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் குறைக்கத்தான் செய்யும். நிறம் மாறும் லென்ஸ் உங்கள் தேவைக்கு ஒத்துவரும், ஆனால் அது வெளுக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். குளிரில் இன்னும் மெதுவாக வெளுக்கும். சுரங்கப்பாதை வழியே போகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு கண்ணில் பார்வை மிகவும் குறைவு. ஹாக்கி விளையாட ஆசைப்படுகிறாள். அனுமதிக்கலாமா?

பதில்: கண் மருத்துவரைக் கலந்துகொண்டு அனுமதியுங்கள், அம்மா, ஆனால் கவசமில்லாமல் ஒரு நாள்கூட வேண்டாம். கண்ணாடி போட்ட பிறகும் ஒரு கண்ணின் பார்வை 6/12ஐ (நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிற அளவை) விடக் குறைவாக இருந்தால் அவரை ஒற்றைக் கண் உள்ளவராகவே கருத வேண்டும் என்பதும், அவர் விளையாடும்போது எப்போதும் கவசம் அணிய வேண்டும் என்பதும் அமெரிக்கக் கண் மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை. குத்துச்சண்டை போன்றவை அவர்களுக்கு அறவே கூடாது. முகத்துக்கு அளவான சட்டகமாக வாங்குங்கள். வளர்ந்தபின் சரியாகிவிடும் என்று பெரிய அளவில் வாங்கினால் அது மூக்கில் வழுக்கும், அவள் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள்.

கேள்வி: கவசம் இல்லாத நேரத்தில் அடிபட்டுவிட்டால் உடனே என்ன செய்வது? அடி தாங்கிய கண்ணாடியை மறுபடியும் போடலாமா?

பதில்: கண்ணைக் கசக்கக்கூடாது, அழுத்தக்கூடாது. ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கக்கூடாது. காகிதக் குவளையின் அடிப்பாகம் போன்ற ஒன்றைக் கண்ணைத் தொடாதபடி எலும்பின் மேல் பொருத்தி மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கருவிழிக்குப் பின்னால் இரத்தம் தேங்கியது தெரிந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். வலி அடங்கிவிட்டது என்பதற்காகவும் விட்டுவிடாதீர்கள்: மின்னல் அடிப்பது போன்ற ஒளியும், மிதக்கும் கரும்புள்ளிகளும், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற மறைப்பும் அடிபட்டுப் பல நாள் கழித்தும் வரலாம். அவை விழித்திரை கிழிவதன் அறிகுறிகள்.

பலத்த அடி வாங்கிய கவசத்தை, கீறலே தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அடி படாததையும் உலர்ந்த துணியால் துடைக்காமல் முதலில் நீரில் அலசி மணலைப் போக்கிய பிறகே துடையுங்கள். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் அதன் மேல் படவே கூடாது, பாலிகார்பனேட்டை அது அரித்துவிடும்.