தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் செய்வது சரியா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் தங்கைக்கு 29 வயது, அவள் மகனுக்கு 5. மூன்று வாரத்துக்கு முன் ஓர் இரவில் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவன் அடிப்பான். முன்பும் இரண்டு முறை வந்து, அவன் அழுது கெஞ்சியதும் திரும்பிப் போனவள்தான். இம்முறை கழுத்தை நெரித்திருக்கிறான். தடம் எதுவும் இல்லாததால் அப்பா, "இதைப் பெரிதாக்காதே" என்கிறார். இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசலாம் என்கிறார் அம்மா. அவன் ஓயாமல் கூப்பிடுவதால் தங்கையின் போனை நான் வாங்கி வைத்திருக்கிறேன். நேரில் போய் அவனை ஒரு கை பார்த்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. இன்னமும் அவனுக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று அவள் மீதும் எரிச்சல் வருகிறது. பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். என்ன செய்வது?

ஓர் அண்ணன்

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் கழுத்தைப் பற்றிப் பேசுவோம். நெரித்ததில் பல நேரம் தோலில் அடையாளமே இருக்காது. உள்ளே கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்திருந்தால், நாள்கள், ஏன் வாரங்கள் கழித்தும் பக்கவாதம் வரலாம். குரல் கம்மியதா, விழுங்க வலிக்கிறதா, நெரித்தபோது நினைவு தப்பியதா, அறியாமல் சிறுநீர் போனதா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் வந்தனவா என்று தனிமையில், அவசரப்படுத்தாமல் கேளுங்கள். எதுவும் இல்லை என்றாலும் மருத்துவரிடம் போவது நல்லது. அங்கே "கழுத்தை நெரித்தார்" என்று அதே சொல்லில் சொல்லி, குறிப்பில் எழுதவும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, கடும் தலைவலி வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், துணையால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு கூடுதலாக இருந்தது. எனக்குத் தெரிந்த அபாயக் குறிகளில் இதைவிடக் கவலை தருவது மிகச் சிலவே.

போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் யாரோடு பேசுவது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கும் வாழ்க்கையிலிருந்துதான் தங்கை வந்திருக்கிறார். அழைப்புகளை ஒலியில்லாமல் வைப்பதா, தடுப்பதா என்பது அவர் முடிவு. மிரட்டல் செய்திகளை மட்டும் அழிக்க வேண்டாம். எண்ணும் தேதியும் தெரியும்படி படமெடுத்து, நம்பகமான ஒருவரிடம் பிரதி இருக்கட்டும். இருப்பிடப் பகிர்வு, கணவருக்குத் தெரிந்த கடவுச்சொற்கள், பையன் விளையாடும் டேப்லெட் ஆகியவற்றையும் பாருங்கள். கண்காணிப்புச் செயலி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் சட்டென்று நீக்காதீர்கள், அது அந்த மனிதரை உஷார்ப்படுத்தும். முக்கியமான பேச்சுகளுக்கு வேறொரு போனைப் பயன்படுத்தட்டும்.

நேரில் போகாதீர்கள். பிரிந்து வந்த முதல் சில மாதங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. பிடி நழுவுகிறது என்ற ஆத்திரம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நீங்கள் அறைந்தால் அதன் வட்டியைத் தங்கைதான் கட்ட நேரும், உங்கள் மீதே புகாரும் வரும். உட்கார்ந்து பேசுவதும் வேண்டாம். எதிரே அந்த மனிதர் இருக்கும்போது தங்கையால் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கு அடி விழும். மனஸ்தாபத்துக்குத்தான் சமரசம் ஏற்றது, வன்முறைக்கு அல்ல.

பரிந்து பேசுவதைப் பற்றி: உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் ஒரு சுழற்சியை விவரித்தார். இறுக்கம் கூடும், வெடிக்கும், பிறகு அழுகையும் மன்னிப்பும் வரும். எல்லா வீட்டிலும் இது இதே வரிசையில் நடப்பதில்லை. ஆனால் அந்த மூன்றாம் கட்டத்தில் தங்கை பார்த்தது பொய்யான ஆளை அல்ல, ஆசைப்பட்டு மணந்த அதே ஆளை. அந்த ஆளுக்காகத்தான் பேசுகிறார். கணவரைத் திட்டத் திட்ட, அவரைக் காப்பாற்றும் வேலை தங்கை தலையில் விழும். உங்களிடம் சொல்வதும் குறையும். அதைவிட, "நீ சொல்றதை நம்புறேன். இதுல உன் தப்பு எதுவுமில்லை. அடுத்து என்ன செய்யணும்னு நீ சொல்லு" என்றால் போதும். "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்ற கேள்வி குற்றச்சாட்டாகவே காதில் விழும்.

தங்கை மறுபடி கணவரிடம் போகவும் கூடும். அப்போது "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று எந்த ஆத்திரத்திலும் சொல்லிவிடாதீர்கள். இருக்கிற ஒரே வழியையும் அது அடைத்துவிடும். போகும் முன் சிலவற்றைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஆவணங்களின் பிரதி, மருந்து, கொஞ்சம் பணம், மாற்றுச்சாவி, பையனின் உடை கொண்ட பை உங்களிடம் இருக்கட்டும். சாதாரணப் பேச்சில் வரக்கூடிய, ஆனால் தினமும் சொல்லாத ஒரு சொல் "உடனே வா" என்று பொருள்படட்டும். சண்டை மூண்டால் கத்தி இருக்கும் சமையலறைக்கும், வெளிவாசல் இல்லாத குளியலறைக்கும் போகாமல் கதவுப் பக்கம் நகர வேண்டும்.

படுக்கையை நனைப்பதற்காகப் பையனைத் திட்டாதீர்கள், அதை மற்றவர் முன் பேசவும் வேண்டாம். பயந்த குழந்தைகள் விட்ட பழக்கத்துக்குத் திரும்புவது வழக்கம். படுக்கும் நேரம் ஒரே சீராக இருக்கட்டும். "அப்பா என்ன செய்தார்?" என்று துருவாதீர்கள், அவனாகச் சொன்னால் கேளுங்கள். "அம்மாவை அடித்தது உன்னால் இல்லை" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், பல குழந்தைகள் தங்களால்தான் என்றே நம்புகிறார்கள். பெரியவர்கள் சண்டையில் நடுவே போகாமல் வேறு அறைக்கு ஓடவும், உங்கள் எண்ணை மனப்பாடமாகச் சொல்லவும் பழக்குங்கள். இன்னும் சில வாரத்தில் தணியாவிட்டால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள். பள்ளியில் அவனை யார் அழைத்துப் போகலாம் என்பதைத் தங்கையே எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் கூடப் போனால் போதும்.