எது கொடுத்தாலும் சரி சார்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 வருடமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் பெங்களூரிலிருந்து எங்கள் வைஸ் பிரசிடென்ட் வந்திருந்தார். கேன்டீனில் தட்டோடு நின்ற என்னிடம், "அடுத்த மூணு வருஷத்துல என்னவா இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாய் உலர்ந்துவிட்டது. "எது கொடுத்தாலும் சரி சார்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் மேனேஜரோ, தன்னைத் தாண்டி நான் ஏதோ பேசிவிட்டதாக நினைத்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நான் கிராமத்தில் தமிழ்வழியில் படித்தவள், ஆங்கிலம் சட்டென்று வராது. அடக்கமாக இருந்தது தப்பா? இனி யாராவது கேட்டால் என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஆங்கிலத்தை விடுங்கள். அவர் தமிழில் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். மேனேஜரிடம் நீங்களே போய், வைஸ் பிரசிடென்ட் கேட்டது இது, நான் சொன்னது இது என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் அவர் கோபம் அவர் பாடு.

ஆனால் இதை அடக்கம் என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும். அந்த வேலையை வைஸ் பிரசிடென்ட் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். இவருக்கு ஆட்டோமேஷன் பிடிக்குமா, ஆட்களை நடத்தப் பிடிக்குமா, இரவு ஷிஃப்ட் முடியுமா என்று அவரா உட்கார்ந்து யோசிப்பார்? எது கொடுத்தாலும் சரி என்பவருக்கு, மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் வந்து சேரும். நான் சூடாக எழுதுவது தெரிகிறது. கடிதம் வந்த நேரம் அப்படி. கொஞ்ச நாளாகப் பழைய சி.ஆர். பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தவன். சி.ஆர். என்றால் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட். நாங்கள் வேலை பார்த்த லட்சணத்தை வருடாவருடம் மேலே இருப்பவர் அதில் எழுதுவார், அது எங்கள் கண்ணில் படாமல் பீரோவுக்குள் போய்விடும். அரசு அலுவலகங்களிலும் அப்போது இதே கதைதான். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் தேவ் தத் என்று ஒருவர் இருந்தார். பதவி உயர்வுக்கு ஐந்து வருடமும் 'மிக நன்று' வேண்டும். 1993-94க்கு மட்டும் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். திட்டி எழுதினால்தானே சொல்ல வேண்டும், நல்லபடியாகத்தானே எழுதியிருக்கிறோம் என்று அவரிடம் சொல்லவே இல்லை. அந்த 'நன்று'தான் அவர் உயர்வைத் தடுத்தது. எந்த மதிப்பீடாக இருந்தாலும் உரியவரிடம் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் சொன்னது. அதற்குள் மனிதர் ஓய்வே பெற்றுவிட்டார்.

அந்த பீரோ இன்னும் இருக்கிறது, எஸ். உங்கள் பக்கம் அதற்குக் கேலிபரேஷன் மீட்டிங் என்று பெயர். யாருக்கு என்ன மதிப்பீடு என்று முடிவு செய்ய, கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் பெயரைப் பேசுவார்கள். அங்கே உங்களுக்கு நாற்காலி கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் உட்காரும் ஒருவர் தானாக வந்து, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். எங்களுக்கெல்லாம் வாய்க்காதது.

ஒரே ஒருவருக்கு வாய்த்தது. எங்கள் திருச்சிக் கிளையில் ஹெட் கேஷியராக ஓர் அக்கா இருந்தார். அப்போது கிளார்க் ஆபீசரானால் வெளிமாநில மாற்றல் நிச்சயம் என்பதால் பாதிப் பேர் பரீட்சையே எழுத மாட்டோம். ஜோனல் மேனேஜர் ஆய்வுக்கு வந்தவர், கேஷ் கவுண்டர் முன்னால் நின்று, "ஏம்மா, இன்னும் ஆபீசர் பரீட்சை எழுதலையா?" என்றார். அக்கா நோட்டு எண்ணுவதை நிறுத்தாமல் கட்டை முடித்து, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பையன் பத்தாவது முடிக்கிறவரைக்கும் நகர மாட்டேன் சார். அப்புறம் ஒடிசாவுக்குப் போட்டாலும் போவேன். ஆனா கேஷ் வேண்டாம், கடன் பிரிவு வேணும்."

அவர் "சரிம்மா" என்றதோடு சரி. வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. அன்று மாலை டீக்கடையில் எங்கள் ஆட்கள், என்ன திமிர் பார்த்தாயா என்று பேசித் தீர்த்தார்கள். அக்கா ஒன்றும் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. எது முடியும், எது முடியாது, எப்போது முடியும் என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கேட்டபோது எடுத்துச் சொன்னார். சொன்னபடியே பையன் பத்தாவது முடித்த வருடம் பரீட்சை எழுதினார். முதல் தடவை நேர்முகத்தில் தோற்றார். அடுத்த தடவை தேறினார். நிஜமாகவே ஒடிசாவுக்குத்தான் போட்டார்கள்! கடன் பிரிவு கிடைக்க இன்னும் சில வருடம் ஆனது.

என்ன சொல்வது என்றுதானே கேட்டீர்கள். கணக்குப் போட்டு வைக்காத நாளில் கேட்டால், "நல்ல கேள்வி சார், யோசித்து வரும் வெள்ளிக்கிழமை எழுதட்டுமா?" என்றால் போதும். அதற்கு எந்தப் பெரிய மனிதரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டால்தான் வம்பு.

உங்கள் வைஸ் பிரசிடென்ட்டுக்கு இப்போதும் எழுதலாம். ஒரு மாதம் ஒன்றும் பெரிய தாமதம் இல்லை. கேன்டீனில் கேட்டீர்களே என்று ஆரம்பித்து நாலு வரி, மேனேஜருக்கும் ஒரு பிரதி. 11 வருடமாக மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிக்கும் உங்களுக்கு, என்ன வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்? எழுதிவிட்டு எனக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். நேராக அவருக்கே அனுப்புங்கள்.