விண்கலத்தில் இரண்டு பெண்கள்: டீச்சர் பதில்கள்

அறிவியல் புனைகதைகளிலும் மாயக்கதைகளிலும் திருநர், தன்பாலீர்ப்பாளர் பாத்திரங்கள் எப்படி வருகிறார்கள் என்று சென்ற இதழில் சின்னதாக ஒரு பதில் எழுதினேன். அதற்கே இத்தனை கடிதமா! திட்டி வந்தவை கொஞ்சம், கதையை இணைத்து வந்தவை நிறைய. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை.

டீச்சர், இதெல்லாம் வெள்ளைக்காரன் கதையில் வருகிற சமாச்சாரம். நம்ம ஊர்க் கற்பனைக்குள் ஏன் இழுத்து வருகிறீர்கள்?
*ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்*

அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா சார்? பங்குனி உத்திரம் வந்தால் நம் சீமையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புகிறோம். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட லீவு போட்டுவிட்டு வந்து சேருகிறார்கள். அந்தச் சாஸ்தா யாருக்குப் பிறந்தவர்? மோகினியாக வந்த திருமாலுக்கும் சிவனுக்கும். ஹரிஹரபுத்திரன் என்று சொல்லித்தான் கும்பிடுகிறோம். இந்தக் கதை எந்தக் கப்பலில் வந்து இறங்கியதாம்?

அதற்காக, அந்தக் காலத்திலேயே நாம் எல்லோரையும் அரவணைத்தவர்கள் என்று மார்தட்டவும் மாட்டேன். கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தெருவில் விரட்டியவர்களும் நாம்தான். தென்காசிப் பக்கம் திப்பணம்பட்டியில் பிறந்த சு. சமுத்திரம் ‘வாடாமல்லி’ நாவலில் அதைத்தான் எழுதினார். ஆணாகப் பிறந்து தன்னைப் பெண்ணாக உணர்கிற சுயம்பு என்ற பிள்ளை வீட்டிலும் வெளியிலும் படுகிற பாட்டைப் படித்துவிட்டு, எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் சுற்றிய நாட்கள் உண்டு. அது அறிவியல் புனைகதை இல்லைதான். ஆனால் தொண்ணூறுகளிலேயே நாவலுக்குள் வந்துவிட்ட மனுஷி, தமிழ் விண்கலத்தில் மட்டும் ஏன் இன்னும் ஏறவில்லை?

மகேந்திரகிரியில் சோதித்த என்ஜினோடு செவ்வாய்க்குப் போகும் கலம். அதில் இரண்டு பெண் பொறியாளர்கள், காதலர்கள். கடைசியில் ஒருத்தி இறந்தால்தான் கதை நிற்கும் என்கிறார்கள் தோழிகள். கதையை இணைத்திருக்கிறேன்.
*கல்லூரி மாணவி, வள்ளியூர்*

இரண்டு தடவை படித்தேன். கலத்தில் கசிவு வருகிற பகுதியில் எனக்கே வியர்த்துவிட்டது. முதலில் சாவு விஷயத்தை முடித்துவிடுவோம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1952-ல் அமெரிக்காவில் ‘ஸ்பிரிங் ஃபயர்’ என்ற நாவல் வந்தது. இரண்டு பெண்களின் காதல். எழுதியவர் மரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற பெயரில். முடிவு சுபமாக இருக்கக் கூடாது என்று பதிப்பகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சுபமாக முடித்தால் ஆபாசத்தை ஆதரிப்பதாகச் சொல்லித் தபால் துறை கட்டுகளைப் பிடித்து வைத்துவிடும் என்ற பயம். ஆக, உன் தோழிகள் சொல்வது கலை விதி இல்லையம்மா, தபாலாபீஸ் விதி.

அதற்கு அடுத்த வருஷமே தியடோர் ஸ்டர்ஜன் ‘தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். டிர்பானு என்ற கிரகத்திலிருந்து ஒரு ஜோடி பூமிக்குத் தப்பி வருகிறது. அந்த ஜோடியின் அன்பைப் பார்த்து ஊர் உலகமே கிறங்கிப் போகிறது. அப்புறம் டிர்பானு கேட்டதும் கைதிகளாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கொண்டுபோகிற கலத்தில் இரண்டே மனிதர்கள்: கேப்டன், அவரோடு வாயே திறக்காத கிரன்ட்டி. கைதிகளுக்கு மனத்தைப் படிக்கத் தெரியும் என்று கிரன்ட்டி கண்டுகொள்கிறார். கேப்டன்மேல் தான் வைத்திருக்கிற, யாரிடமும் சொல்ல முடியாத அன்பு அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்று கொல்லவே துணிகிறார். அவர்கள் படம் வரைந்து காட்டுகிறார்கள். அந்த ஜோடியில் இருவருமே ஆண். கிரன்ட்டி அவர்களை உயிர்காப்புக் கலத்தில் ஏற்றித் தப்பவிடுகிறார். கேப்டனுக்குக் கடைசிவரை ஒன்றும் விளங்குவதில்லை. யாரும் சாகவில்லை, ஆனால் படித்து முடித்தால் தொண்டையை அடைக்கிறது. 1953-லேயே இது முடிந்திருக்கிறது.

உன் கதையில் முத்தம் கொடுத்த மறுபக்கத்திலேயே ஒருத்தியைச் சாகடித்திருக்கிறாய். சாக வேண்டுமென்றால் கசிவினால் சாகட்டும், காதலித்ததற்குத் தண்டனையாகச் சாக வேண்டாம். செவ்வாய்க்கே போகிறோம், இங்கிருக்கிற பஞ்சாயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

இன்னொன்று. “அவள் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பது கலத்தில் எல்லோருக்கும் தெரியும்” என்று கதையைத் தொடங்குகிறாய். அந்த வரியை அடித்துவிடு. அதைவிட நல்லது ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. ஒருத்தி வால்வைத் திருகும்போது மற்றவள் கேட்காமலே டார்ச்சைச் சரித்துப் பிடிக்கிறாள். “தூக்கம் வரலன்னா என்னை எழுப்பிருக்கலாம்லா?” என்கிறாள். எனக்கு அங்கேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த ‘லா’வை ஆசிரியர் குழு வெட்டினால் சண்டை போடு. செவ்வாயில் நம்ம ஊர்க்காரி இருக்கிறாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆணும் இல்லாத, பெண்ணும் இல்லாத வேற்றுக்கிரகவாசிகளை வைத்து எழுதுகிறேன். அறிவியல்படி சாத்தியமா? விலங்கியல் டீச்சர் சொல்ல வேண்டும்.
*வாசகர், தென்காசி*

கோமாளி மீனில் குஞ்சுகள் எல்லாம் ஆணாகத்தான் வளரும். கூட்டத்துக்குப் பெரியவள் செத்தால், அடுத்த இடத்தில் இருந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். கடல் மீனுக்கே முடியும்போது உங்கள் கிரகத்துக்கு என்ன தடை? ஆனால் மனிதர்களுக்கு நியாயம் சொல்ல மீனைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அவர்கள் நியாயம் மீனை நம்பி இல்லை.

உர்சுலா லெ குவின் 1969-லேயே ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் கெதன் என்ற பனிக்கிரகத்தைப் படைத்தார். அங்கே மாதத்தில் பெரும்பாலான நாட்கள் யாரும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாகிறார்கள். இந்தத் தடவை பெற்றவர் அடுத்த தடவை தகப்பனாகலாம். அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டையும் வாங்கிய நாவல். அப்படியும் எல்லோரையும் ஆங்கிலத்தில் ‘அவன்’ என்றே எழுதியதால் அது ஆண்களின் கிரகமாகவே தெரிகிறது என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். லெ குவினும் பிற்பாடு அந்த நியாயத்தை ஒத்துக்கொண்டு எழுதினார். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பாத்திரத்தையே ‘நான் வந்தேன், போனேன்’ என்று பேசவிட்டால் தமிழில் ஆண் பெண் அடையாளமே விழாது. கதை முழுக்க ஒளித்து வைக்கலாம்.

ஒரு குறை மட்டும். உங்கள் கதையில் அப்படி இருப்பவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் மட்டும்தான். கலத்தில் போகும் மனிதர்கள் பன்னிரண்டு பேரும் கல்யாணமான ஆண்கள். நம்மில் ஒருவரையாவது ஏற்றிவிடுங்கள்.

சுடலை மாடன் கோயில் கொடைத் திருவிழாவை வைத்து ஒரு மாயக்கதை. அதில் கணியான் கூத்து ஆடுபவரைத் திருநங்கையாகக் காட்டலாமா?
*வாசகர், களக்காடு*

பார்த்து. மகுடம் என்ற பறையை அடிக்க, தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேடம் கட்டி ஆடுபவர் பெரும்பாலும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை உள்ள ஆண். அது அவர் தொழில், அவர் கலை. சலங்கையை அவிழ்த்து வைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்ந்துகொண்டு சேலை கட்டி வருகிறவர்களும் அப்படித்தான். வேடத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்தால் கூத்துக் கலைஞருக்கும் அநியாயம், திருநங்கைக்கும் அநியாயம். திருநங்கைக்கு அது வேடமே இல்லையே!

ஆனால் அந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு மட்டும், சலங்கையை அவிழ்க்கிற நேரம் தாங்க முடியாததாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அது சாதாரண நேரம். மாடன் அதைப் பார்த்துவிடுகிறார். இப்போது கதை இருக்கிறது. மாடன் வரம் கொடுத்து உடம்பை மாற்றிவிட்டார் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று மாடன் முதலில் கேட்கட்டும்.

புனைபெயரில் எழுதலாமா? வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.
*பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்*

தாராளமாக எழுதலாம். விருத்தாசலம் ‘புதுமைப்பித்தன்’ ஆனார், அது போதாதென்று கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று இன்னொரு பெயரும் வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் வந்த கதைகளைப் படித்துவிட்டு, இந்த எழுத்தில் மறுக்க முடியாத ஆண்தன்மை இருக்கிறது என்று ராபர்ட் சில்வர்பெர்க் 1975-ல் முன்னுரையே எழுதினார். கொஞ்ச நாளில் அது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி என்று வெளியே வந்தது. சில்வர்பெர்க் பாவம்.

அனுப்பும்போது கதைத் தாளில் புனைபெயர் மட்டும் இருக்கட்டும். சொந்தப் பெயரை வெளியிட வேண்டாம் என்று தனித் தாளில் ஆசிரியருக்குத் தெளிவாக எழுதிவிடு. இதழையும் சன்மானத்தையும் வீட்டு முகவரிக்கு வரவழைக்காதே. நம்பிக்கையான சிநேகிதர் முகவரி கொடு. கைப்பேசியில் எழுதுகிறாய் என்றால், கோப்புக்கு வேதியியல் நோட்ஸ் என்று பெயர் வை. வீட்டில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.