மீல்மேக்கரில் சோயா வாடை வராமல், தயிரும் சேர்க்காமல் சுக்கா செய்வது எப்படி?

வாடை நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சரியாகப் பிழியாததுதான். மீல்மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்த உருண்டை. உலர்ந்த நிலையில் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம். உள்ளே முழுக்கத் துளைகள். அவற்றில் நீர் தங்கினால் மசாலா எங்கே நுழையும்?

உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் கிடக்கட்டும். வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து இறுக்கிப் பிழியுங்கள். நுரையோடு கலங்கிய நீர் வரும். அது தெளியும்வரை மறுபடி அலசிப் பிழிய வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

தயிருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைச் சாறும் போதும். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் ஊறவையுங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் இதைப் போட்டுச் சிறு தீயில் சுருள வதக்குங்கள். ஓரங்கள் கருத்து மொறுமொறுக்கும்போது, அப்போதே இடித்த மிளகைத் தூவி இறக்குங்கள். பாக்கெட் மிளகுத்தூளில் அந்த மணம் கிடைக்காது.

ஆட்டுக்கறியேதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரசம் சோற்றுக்கு எங்கள் வீட்டில் இதைத்தான் கேட்கிறார்கள்.