பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையப் பழைய கடிதங்கள் கிடைத்தன. இவற்றுக்கு வரலாற்று மதிப்பு உண்டா, எப்படிப் பாதுகாப்பது?

உண்டு. ஆனால் அவசரப்பட்டு எதையும் பிரித்து அடுக்காதீர்கள். பெட்டி இருக்கிறபடியே முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். பட்டவன் சொல்கிறேன்.

எங்களுக்குச் சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம். ஐயாவின் தம்பி பர்மாவில், ரங்கூனில் கடை வைத்திருந்தார். நாங்கள் சின்ன ஐயா என்போம். அப்பத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு கொக்கிக் கம்பி தொங்கும். வருகிற கடிதத்தை வாசித்து முடித்ததும் அதில் குத்திவிடுவார்கள். நான் ஆர்வக்கோளாறில் ஒருநாள் எல்லாவற்றையும் உருவி, தூசி தட்டி, எழுதிய ஆள்வாரியாகப் பிரித்துக் கட்டினேன். பாதிக் கடிதங்களில் தேதியே கிடையாது. கம்பியில் எது மேலே, எது கீழே என்பதுதான் அவற்றுக்குத் தேதி என்று அப்புறம்தான் உறைத்தது. போனது போனதுதான்.

தேதி போட்டவற்றிலும் தமிழ் வருஷம்தான் இருக்கும். குரோதி ஆவணி என்றால் 1964. அறுபது வருஷச் சுற்று என்பதால் 1904 ஆகவும் இருக்கலாம். தபால்தலையையும் முத்திரையையும் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாசிக்கும்போது "நிற்க" என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்கு முன்னால் எல்லோரும் எங்கும் சுகமாகவே இருப்பார்கள். சேதி அதற்குப் பிறகுதான். சின்ன ஐயாவின் குரோதி வருஷக் கடிதமும் அப்படித்தான். கடையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, கையிலிருந்த நூறு கியாட் நோட்டு செல்லாது, கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இவ்வளவும் நாலே வரியில். பர்மாவில் நே வின்னின் ராணுவ அரசு 1964 மார்ச்சில் கடைகளைத் தேசியமயமாக்கியதும், மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதாக்கியதும் புத்தகத்தில் கிடைக்கும். அதே கடிதத்தில் ஐந்தாவது வரி, "வெள்ளைப் பசு கன்று போட்டதா என்று எழுதவும்." இது எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

பெட்டியில் மொய் நோட்டு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் கடிதத்தைவிட ஒரு படி மேல். எந்த ஊரோடு கொள்வினை கொடுப்பினை இருந்தது, யார் எந்த வருஷம் இரண்டு ரூபாயிலிருந்து ஐந்துக்கு ஏறினார்கள், ஒரு ஆளை ஊர் என்ன அடையாளத்தில் அழைத்தது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் நோட்டில் ஒருவர் முதலில் "ரங்கூனார்", நாலு விசேஷம் தள்ளி "டீக்கடை".

பாதுகாப்பு விஷயம் சுருக்கமாக. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு கடிதத்தைக் கொடுத்து மை மங்கி வாங்கி வந்தேன், இனி அதைப் பிரிக்கவும் முடியாது. பிளாஸ்டிக் பை வேர்க்கும். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிட்டு, துவைத்த பருத்தித் துணியில் கட்டிக் கூடவே வசம்பு போட்டு வையுங்கள், ராமபாணப் பூச்சி அண்டாது. போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மெல்ல பென்சிலால் போதும்.

வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாதென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் சேர்த்து வைத்த மனிதர். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-இல் அந்த நூலகமே அமைந்தது. இலங்கைக் குடும்பம் என்றால், இலங்கைத் தமிழர் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் "நூலகம்" நிறுவனம் இருக்கிறது.

இன்னொன்று, இதுதான் அவசரம். எங்கள் கம்பியில் ஒரு சாவுச் செய்திகூடக் கிடையாது. அந்தக் கடிதங்களை வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று வாசித்த கையோடு கிழித்துவிடுவார்கள். உங்கள் பெட்டியிலும் அந்த ஓட்டை இருக்கும். அதை அடைக்கப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். பேட்டி மாதிரி உட்காராமல், ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

நான் அப்படித்தான் கொடுத்தேன். அப்பத்தா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடுத்தாப்புல ஒரு கடுதாசி வந்துச்சு. உங்க சின்ன ஐயா மக ரங்கூன்லயே போயிருச்சுன்னு. படிச்சிட்டு வாசல்லயே கிழிச்சுப் போட்டாக" என்றார். சின்ன ஐயாவுக்கு ஒரு மகள் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு நிமிஷம், நடுவில் கோழி கத்துவது உட்பட, அப்படியே வைத்திருக்கிறேன்.