வெஞ்சுரா நகரம்: 1782, 1809, 1866 - எதை எழுதுவது?

வணக்கம். கலிபோர்னியாவின் வெஞ்சுரா நகரத்துக்கு மூன்று தொடக்க ஆண்டுகளைப் பார்த்து, பள்ளிக் கட்டுரையில் எதை எழுதுவதென்று உங்கள் மகள் குழம்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். 1782-ஐ எழுதச் சொல்லுங்கள். அந்த ஆண்டு மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று ஹூனிப்பெரோ செர்ரா பாதிரியார் சான் புவெனவெந்துரா மிஷனை, அதாவது கத்தோலிக்க மதப்பணி நிலையத்தை, நிறுவினார். அதைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. 1809 இப்போதுள்ள தேவாலயம் கட்டி முடிந்த ஆண்டு, 1866 நகராட்சியான ஆண்டு.

அப்புறம், இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: அது ஆளில்லாத கரை இல்லை. சூமாஷ் என்ற பூர்வகுடி மக்களின் ஷிஷோலோப் என்ற ஊர் அங்கே ஏற்கெனவே இருந்தது. பலகைகளைக் கயிற்றால் தைத்து, தார் பூசிப் படகு கட்டிக் கடலோடியவர்கள் அவர்கள். மிஷன் கட்டடங்களும், ஆற்றுநீர் கொண்டுவந்த ஏழு மைல் கால்வாயும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களில் ஏராளமானோர் மடிந்தார்கள்.